ஒத்திவைப்பதும் ஒதுக்கிவைப்பதும்



பிக்கட்டியின் ஆடி மாத மழையை அறிந்தவர்களுக்கு அதைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. பகல் மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். ஏற்றிய விளக்கு எந்நேரம் அணையும் என்பதை எவரும் அறியார். குந்தாவின் நீர்மின் நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் நம் வீடுகள் இருண்டுவிடுகின்றன.

அத்தகைய ஓர் அந்தியில், நாம் நன்கறிந்த ஒரு சிறு தேயிலை விவசாயியின் இல்லத்தில் நடந்தது இது. கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் மகள், மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய ஆய்வேட்டை மடிக்கணினியில் முடித்துக்கொண்டிருந்தாள். புதுப்பிப்பு ஒன்று வந்திருப்பதாகவும், கணினியை மறுபடி தொடக்க வேண்டுமென்றும் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. கேட்டதற்குக் கீழ்ப்படிவதே முறை என்றெண்ணிய அப்பெண் 'சரி' என்று அழுத்திவிட்டாள். நாற்பது விழுக்காடு முடிந்த வேளையில் மின்சாரம் நின்றது. பழைய மின்கலம் ஐந்து நிமிடமும் தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியபோது கறுத்த திரைதான் எஞ்சியிருந்தது. மறுநாள் முதற்பேருந்தில் அண்ணன் அதை உதகைக்கு எடுத்துச் சென்றான். இரண்டு நாட்களுக்குப் பின் கோப்புகள் மீட்கப்பட்டன. ஆசிரியரும் பெருந்தன்மையோடு தவணை தந்தார். ஆயினும் அந்த வீட்டில் அன்றே ஒரு சட்டம் பிறந்தது.

ஒரு மாதம் கழித்துத் தாயார் நம்மிடம் வந்து கூறினார்: "சாமி, இனிமேல் அப்டேட்டே போடக்கூடாதுன்னு பெரியவன் நிறுத்தி வச்சிட்டான். சின்னவளோ, போடாட்டி வைரஸ் வரும்னு அழுறா. நீங்க சொல்றதைக் கேக்கிறோம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க."

குருமடத்தில் தட்டச்சுப் பொறியையே பெரிய இயந்திரமாகக் கருதிப் பயின்ற நம்மிடம் இப்படியொரு வழக்கு வந்துசேர்ந்தது. பங்கு அலுவலகக் கணினியோடு சில ஆண்டுகள் மல்லுக்கு நின்ற அனுபவமும், அறிந்தவர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவையுமே நம் கைமுதல். இதே கேள்வி பல இல்லங்களிலும் இருக்கக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதத் துணிகிறோம்.

முதலில், அண்ணன் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய புதிய பதிப்பை வெளியிட்டது. ஆவலோடு அதை உடனே நிறுவிய சிலர், தங்கள் புகைப்படங்களும் ஆவணங்களும் இருந்த கோப்புறையே மறைந்துவிட்டதைக் கண்டு திகைத்தனர். கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களின் கணினியில், பழைய கோப்புறை வெற்றிடம் என்று கருதப்பட்டு உள்ளிருந்தவற்றோடு நீக்கப்பட்டுவிட்டது. முன்னோட்டமாகச் சோதித்தவர்களுள் சிலர் இதை ஏற்கெனவே தெரிவித்திருந்தும் அது கவனம் பெறவில்லை என்பதே வேதனை. நான்காம் நாள், அக்டோபர் 6 அன்று, வெளியீடு நிறுத்தப்பட்டது. நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது. பத்தாயிரத்தில் ஒருவரிடமிருந்தே இத்தகைய புகார் வந்ததாக நிறுவனம் கூறியது. அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையானால் எஞ்சிய 9,999 பேரின் நலம் நமக்கு ஆறுதலாகுமா?

இதைப் போன்றவை வேறும் உண்டு. 2021 மார்ச் 9 அன்று வந்த திருத்தத்திற்குப் பின், சில வகை அச்சுப்பொறிகளுக்குத் தாளை அனுப்பியதுமே கணினி நீலத்திரை காட்டி நின்றது. மார்ச் 15 அன்று மாற்று மருந்து வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று வந்ததோ இன்னும் விநோதமானது. பழுதுற்ற கணினியை மீட்பதற்கென்றே உள்ள மீட்புத் திரையில், யூ.எஸ்.பி. வழி இணைத்த விசைப்பலகையும் சுட்டியும் வேலை செய்யாமற்போயின. தீப்பிடித்தால் உடைக்க வேண்டிய கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டது போல! ஆறாம் நாள் அதுவும் சரிசெய்யப்பட்டது.

இந்நாட்களை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்: நான்கு நாள், ஆறு நாள், ஆறு நாள். ஒரு வாரம் பொறுத்தவர்களை இம்மூன்றும் தொடவேயில்லை.

இனி, தங்கை பக்கத்து நியாயம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் முறையில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அது. உலகெங்கும் எண்ணற்றோர் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிவைத்தனர். மே 12, வெள்ளிக்கிழமை, 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல் அதே ஓட்டை வழியே புகுந்தது. எவரும் எதையும் அழுத்தாமலேயே கணினிக்குக் கணினி தாவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் தருக என்று மிரட்டியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவ அமைப்புகளுள் மூன்றில் ஒரு பங்கு நிலைகுலைந்து, நோயாளிகள் திருப்பியனுப்பப்பட்டனர். ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அகப்பட்டன. நம் நீலகிரியை ஒட்டிய வயநாட்டில், தரியோடு ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளிலும் திங்கட்கிழமை அந்த மிரட்டல் தோன்றியது. எங்கோ நடப்பது மலையூருக்கு வராது என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ளட்டும்.

திருத்தம் வந்த நாளுக்கும் தாக்குதல் நடந்த நாளுக்கும் இடையே 59 நாட்கள் இருந்தன. சிக்கியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள். அவற்றிற்கு மருந்து இருந்தது, எவரும் ஊட்டவில்லை.

ஆகவே அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதி சரி என்றோம். ஒத்திவைப்பது வேறு, ஒதுக்கிவைப்பது வேறு. ஒத்திவைப்பவருக்கு ஒரு தேதி இருக்கும். 'பிறகு' என்ற பொத்தானை நாள்தோறும் அழுத்துபவருக்குத் தேதி இல்லை; அவர் தம்மையறியாமலே ஒதுக்கிவைத்தவராகிறார்.

அத்தேதி எது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகின்றன; 2003 முதல் வழக்கம் இதுவே. அமெரிக்கக் காலை நேரமாகையால் நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை மணி, அவர்களது குளிர்காலத்தில் பதினொன்றரை. புதன் விடிந்ததும் நம் கணினி அதை இறக்கிக்கொண்டு, மறுதொடக்கத்திற்கு வேளை பார்த்திருக்கும். நம் மலையிலோ குன்னூர்த் தேயிலை ஏலம் வியாழனும் வெள்ளியும் நடைபெறுகிறது. இன்று அந்த ஏலம் கணினி வழியே நடப்பது. அங்கே கிடைக்கும் விலையைப் பொறுத்தே பசுந்தேயிலைக்கு நம் மக்கள் பெறும் விலை அமைகிறது. ஏலத்தில் பங்குகொள்வோரும், தொழிற்சாலைக் கணக்கர்களும், கொழுந்துக் கணக்கைக் கணினியில் வைத்திருப்போரும் புதன், வியாழன், வெள்ளியில் புதுப்பிப்பைத் தொடுவது, கொழுந்து ஏற்றிய லாரிக்கு நடுவழியில் சக்கரம் மாற்றுவதை ஒக்கும்.

எனவே நம் தீர்ப்பு: இரண்டாம் செவ்வாயில் வந்ததை அடுத்த வாரச் சனிக்கிழமை நிறுவுக. பதினொரு நாள் இடைவெளி. பழுது இருந்தால் பெரும்பாலும் அதற்குள் உலகு அறிந்துவிடும். 59 நாள் தூங்கியவர்களின் கதியும் நேராது. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் என்ற பக்கத்திற்குச் சென்றால் புதுப்பிப்பை ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. புதன்கிழமை அங்கே ஒரு வாரம் நிறுத்தினால் வேண்டிய இடைவெளி ஏறத்தாழக் கிடைத்துவிடும். புதியவற்றை எல்லோருக்கும் முன்பாகப் பெற விருப்பமா என்று கேட்கும் விசையும் அதே பக்கத்தில் உண்டு. அதை அணைத்தே வையுங்கள். மாத இறுதியில் 'விருப்பமிருந்தால்' என்று வரும் முன்னோட்டத் திருத்தங்கள் நமக்கு வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்புக்கு இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்தாலும் நட்டமில்லை. 2024 அக்டோபரில் வந்த பதிப்பை, குறிப்பிட்ட சில கருவிகள் உள்ள கணினிகளுக்கு அனுப்பாமல் மைக்ரோசாஃப்டே நிறுத்திவைத்தது அன்றோ?

இக்கணக்கிற்கு ஒரு விலக்கு உண்டு. ஓட்டை ஒன்றைக் கயவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர் என்று செய்தித்தாளோ, நம் நடுவண் அரசின் 'செர்ட்-இன்' அமைப்போ எச்சரித்தால், பதினொரு நாள் காத்திருத்தல் மதியீனம். அன்றிரவே நிறுவிவிட வேண்டும். வங்கிக் கணக்கை அதே கணினியில் பார்ப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்.

பதினொரு நாளில் எல்லாப் பழுதும் வெளிப்பட்டுவிடும் என்று நாம் சத்தியம் செய்யவும் இல்லை. 2024 ஜூலை 9 அன்று வந்த திருத்தம், சில கணினிகளைப் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்க வைத்தது. நிறுவனம் இரண்டு வாரம் கழித்தே இதை ஒப்புக்கொண்டது. சரிசெய்ய ஆகஸ்ட் 13 ஆயிற்று. அந்த எண்ணை முன்னமே ஒரு தாளில் எழுதி வைத்தவர்கள் இரண்டு நிமிடத்தில் கடந்து சென்றனர். ஆகவே, நாள் பார்ப்பதற்கும் முற்பட்ட கடமை நகல் எடுப்பது. ஆய்வேடு, குடும்பப் புகைப்படங்கள், பட்டாவின் படி, கொழுந்துக் கணக்கு ஆகியவற்றைப் பென் டிரைவில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் வான்னாக்ரை போன்றது அதையும் சேர்த்தே பூட்டும்.

ஒத்திவைக்கும் உரிமையே இல்லாத வேளையும் உண்டு. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை காலை 9.39-க்கு, கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் தவற்றை உணர்ந்து அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையில் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. பலவற்றின் முன்னும் ஓர் ஆள் அமர்ந்து கையாலேயே அக்கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. மற்றப் புதுப்பிப்புகளைத் தாமதமாகவே ஏற்பது என்று ஒழுங்கு செய்திருந்த அலுவலகங்களும் தப்பவில்லை. அவ்வகைக் கோப்புக்கு அந்த ஒழுங்கு பொருந்தவில்லை. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தனர். ஞானஸ்நானப் பதிவேட்டை இன்னும் மையால் எழுதிவரும் நமக்கு, அப்படத்தைப் பார்த்தபோது சற்றே பெருமையும் தோன்றியது என்பதை மறைப்பானேன்?

பழைய மடிக்கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற மடிக்கணினிகள் நம் வீடுகளில் இன்னும் பல உண்டு. விண்டோஸ் 7-க்குத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான திருத்தங்கள் நின்றன. பின்னதற்குத் தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அப்பழைய கணினிகளிற் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியற்றவை. அவற்றுள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னையில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. நம்மவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. லினக்ஸின் இன்றைய பதிப்பு ஒன்றை அறிந்தவரைக் கொண்டு நிறுவினால், எழுதவும் படிக்கவும் அக்கணினி இன்னும் சில காலம் உழைக்கும். மருந்தே வராத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்த வீட்டிற்குத் திரும்புவோம். பதினொரு நாள் கணக்கை அண்ணன் ஏற்றுக்கொண்டான்; ஆயினும் மழை பற்றி ஒரு நிபந்தனை விதித்தான், நாமும் உடன்பட்டோம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மறந்தவர் இங்கு உண்டோ? வானம் கறுத்திருக்கும் சனிக்கிழமையாயின் ஞாயிறு மாலைக்கோ, மறுவாரத்திற்கோ தள்ளலாம், மாதம் தாண்டலாகாது. மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். ஒப்படைப்போ தேர்வோ அடுத்த இரு நாட்களில் இருக்கக்கூடாது.

சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தங்கை ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமையைச் சுற்றி வட்டமிட்டிருக்கிறாள். சென்ற வட்டத்தன்று மாலை நாம் அவ்வில்லத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நகல் எடுத்த பென் டிரைவை அண்ணன் கழற்றித் தாயிடம் கொடுக்க, அவர் அதைக் குடும்ப அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தங்கை பொத்தானை அழுத்தினாள். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. இடையில் ஒருமுறை விளக்கு மினுங்கியபோது நால்வரும் பேச்சை நிறுத்தினோம்.