மாவு அரைப்பது அவள். உரிமம் யார் பெயரில்?

தமிழ்ப் பெண் தொழிலுக்குப் பின்வாங்குபவள் அல்ல என்பதை அரசாங்கக் கணக்கே சொல்கிறது. 2013-14-இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் சுமார் 5 கோடியே 85 லட்சம் தொழில் நிலையங்கள் இருந்தன. அவற்றில் பெண்கள் உரிமையாளராக இருந்தவை சுமார் 80 லட்சம். நூற்றுக்குப் பதினான்குகூட இல்லை. இந்த 80 லட்சத்தில் மற்ற மாநிலங்களைவிட அதிகமான பங்கு, 13.5 சதவீதம், தமிழ்நாட்டில்தான் இருந்தது.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நாட்டில் பெண்கள் நடத்தும் நிலையங்களில் சுமார் 83 சதவீதத்தில் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. தொடங்குகிறார்கள், வளர முடியவில்லை. ஏன்? திறமை இல்லையா, முதல் இல்லையா? முதல் இல்லை என்பது உண்மை. அந்த முதல் கைக்கு வராமல் வழிமறித்து நிற்பது நம் வீட்டு வழக்கம் என்பதும் உண்மை.

வாசலுக்கு உள்ளே

மும்பை தாராவியில் நம்மவர்களின் இட்லி வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். அரிசி ஊறவைப்பது, மாவு அரைப்பது, விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றுவது, சட்னி சாம்பார் சேர்ப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டும் தெருத்தெருவாக விற்பது ஆண்கள். கணவரைக் கேட்டால், "நான் இட்லி வியாபாரம் செய்கிறேன்" என்பார். மனைவியைக் கேட்டால், "நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார்.

இந்தச் "சும்மா"வில்தான் விஷயம் இருக்கிறது. பெண் உழைப்பதற்கு நம் வழக்கம் தடை சொல்வதில்லை. வீதிக்கு வருவதற்கும், பணத்தைக் கையில் வாங்குவதற்கும், தாளில் பெயர் எழுதுவதற்கும்தான் தடை.

எண்பது ரூபாய்

வழக்கத்தை உடைக்காமலே வழி கண்ட பெண்களும் இதே மும்பையில் உண்டு. 1959 மார்ச் 15-இல் கிர்காவில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத் பப்பட். காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்குவது. வீட்டிலேயே அப்பளம் இட்டுக் காயவைப்பது. மறுநாள் கொடுத்துவிட்டுக் கூலி பெறுவது. வேலை வீட்டுக்குள்தான். ஆனால் கூலி அவள் கையில். உறுப்பினராகப் பெண்கள் மட்டுமே சேரலாம். லாபத்திலும் நஷ்டத்திலும் எல்லோருக்கும் பங்கு. ஏழு பேர் இன்று சுமார் 45 ஆயிரம் பேர். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆலைத் தொழிலாளருக்குச் சோறு போட்ட மராத்திய கானாவளிப் பெண்களின் கதையும் இதுதான். சமைத்தவர்கள் இவர்கள், மளிகைக் கடனும் வட்டியும் போக மிஞ்சியது சொற்பம். 1975-இல் பிரேமா புரவ் இவர்களை அன்னபூர்ணா மகிளா மண்டலாகத் திரட்டினார். ஒருவருக்கு ஒருவர் ஜாமீனாக நின்று, தேசிய வங்கியில் கடன் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் ஆமதாபாத்தில் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு "சேவா" வங்கியையே தொடங்கினார்கள்.

அப்பளமும் சோறும் அவர்கள் முன்பே அறிந்த வேலைதான். பெயரும் பணமும் அவர்கள் கைக்கு வந்ததுதான் புதிது.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

தெரு வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது தெருவில் நிற்பவரையே வியாபாரியாகக் காண்கிறது. அடுப்படியில் நிற்பவரை அல்ல. உரிமம் பெற்றவர் இறந்தாலோ, நிரந்தர ஊனமுற்றாலோ, நோயில் விழுந்தாலோ, உரிமக் காலம் முடியும்வரை அவருடைய இடத்தில் விற்க அவர் துணைக்கு முதல் இடம் தரப்படுகிறது. அதாவது, கணவர் படுத்த பிறகுதான் மனைவி வியாபாரியாகிறாள்!

ரயில்வே அலுவலகத்தில் படிவங்களோடு பொழுதைக் கழிக்கும் எனக்கு ஒன்று தெரியும்: தாளில் பெயர் இல்லாதவருக்கு ஜன்னலில் பதில் இல்லை. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் கணக்கெடுப்பு தொடங்கியபோதும் கேட்கப்பட்டது தாள்தான்.

நாம் செய்யக்கூடியது

உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லாத மிகச் சிறு தொழில்களுக்கும் 2023 முதல் தனிப் பதிவு முறை இருக்கிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50 ஆயிரம் ரூபாய் வரையிலான சிசு கடனுக்கு அடமானம் தேவையில்லை. மாவு அரைப்பவள் பெயரில் இவற்றைப் பெறத் தடை ஏதும் இல்லை.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். முத்ரா கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் பெயரில்தான் உள்ளன. கடன் மனைவி பெயரில், பணம் கணவர் பையில் என்றால் அது தொழில் முனைவு அல்ல. பழைய வழக்கத்துக்குப் புதிய கையெழுத்து. அடைக்க வேண்டிய சுமை மட்டும் அவளுக்கு. பெயரோடு பாஸ் புத்தகமும் கணக்கு நோட்டும் அவளிடம் இருக்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்களாகிய நம்மில் பலர் வீட்டிலும் தையல், ஊறுகாய், மாவு என்று ஏதோ ஒன்று நடக்கிறது. அதை "கைச்செலவுக்கு" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஒரு மாதத்து வரவு செலவை அவளையே எழுதச் சொல்லிப் பார்ப்போம். பள்ளிக் கட்டணமும் ஊருக்குப் போகும் செலவும் எங்கிருந்து வந்தன என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். பிறகு உரிமத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதில் அதிகம் விவாதம் இருக்காது.