ஆண்ட்ராய்டா? ஐபோனா?



நடிகர்களுக்காகவும் கிரிக்கெட் அணிகளுக்காகவும் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். இப்போது அந்த வரிசையில் திறன்பேசியும் சேர்ந்துவிட்டது. "ஐபோனுக்கு ஈடு உண்டா?" என்பார் ஒருவர். "அந்த விலைக்கு மூன்று ஆண்ட்ராய்டு வாங்கலாமே!" என்பார் மற்றொருவர். வாதம் வளரும், முடிவு மட்டும் கிட்டாது.

இவ்வழக்கில் சாட்சி சொல்ல எனக்கு ஓரளவு தகுதி உண்டு. சில ஆண்டுகள் ஆண்ட்ராய்டு, பிறகு ஐபோன், மீண்டும் ஆண்ட்ராய்டு என்று இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் நான். இரண்டையும் பயன்படுத்திய பிறகு எனக்குத் தோன்றும் கருத்து இதுதான்: எது சிறந்தது என்னும் கேள்வியைவிட, ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவது எவ்வளவு எளிது என்னும் கேள்வியே நமக்கு முக்கியமானது. ஏன் இவ்வாறு சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். பிறகு தீர்ப்பு உங்களுடையது.

ஒரே குடும்பத்து உறவினர்கள்

திறன்பேசியின் உறுப்புகள் அனைத்தையும் ஆட்டிவைக்கும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். ஐபோனில் இருப்பது ஐஓஎஸ். பிற நிறுவனங்களின் பேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆண்ட்ராய்டு. இவ்விரண்டும் பரம வைரிகள் போலத் தோன்றினாலும் வேரைத் தேடிப் போனால் உறவினர்கள்தாம்!

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் ஒரு கிளை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. ஐஓஎஸ்-இன் அடித்தளத்தில் அந்தக் கிளையின் பகுதிகள் இன்றும் உள்ளன. ஆண்ட்ராய்டின் உட்கருவாக இருப்பது லினக்ஸ். ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் போலவே இயங்கும் ஒன்றைத் தாமே புதிதாக எழுத முனைந்து 1991-இல் வெளியிட்டதே அது. முன்னது இரத்த உறவு. பின்னது பார்த்துப் பழகி வந்த உறவு.

உள்ளே இருக்கும் சில்லும் அப்படித்தான். இரு வகைப் பேசிகளிலும் இருப்பது ஆர்ம் என்னும் வடிவமைப்பைப் பின்பற்றும் சில்லு. 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகார்ன் என்ற சிறு நிறுவனம் தன் கணிப்பொறிக்காகப் படைத்தது அது.

அப்படியானால் ஒன்றுக்காக எழுதிய செயலி மற்றொன்றில் ஏன் ஓடுவதில்லை? இந்தியும் மராத்தியும் ஒரே தேவநாகரி எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் இந்தி மட்டும் தெரிந்தவருக்கு மராத்திக் கதை முழுதும் விளங்குமா? அதுபோலவே, "படம் எடு", "இந்த எழுத்தைத் திரையில் காட்டு" என்று செயலி விடுக்கும் வேண்டுகோள்களை ஒவ்வோர் இயங்குதளமும் தன் சொந்த மொழியில்தான் எதிர்பார்க்கிறது. ஆகவே ஒரே செயலியை இரு முறை, இரு மொழிகளுக்கு ஏற்பத் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

போட்டியில் மிஞ்சியவை இரண்டு

ஐபோன் 2007 ஜனவரி 9 அன்று அறிமுகமாயிற்று. ஆண்ட்ராய்டு இயங்கும் முதல் பேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது. அப்போது களத்தில் சிம்பியன், பிளாக்பெரி என்று வேறு பலவும் இருந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் போன் 2010-இல் வந்து சேர்ந்தது.

விண்டோஸ் போனின் கதை படிப்பினை தருவது. அதன் அமைப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவர்கள் பலர். ஆயினும் அதற்குப் போதிய செயலிகள் இல்லை. செயலி இல்லாததால் மக்கள் வாங்கவில்லை. மக்கள் வாங்காததால் செயலி எழுத எவரும் முன்வரவில்லை. கூட்டம் இருக்கும் கடைக்கே கூட்டம் சேரும் இந்நிலையைப் பொருளியலார் 'வலைப்பின்னல் விளைவு' என்பர். 2020 ஜனவரியில் அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றன. 2022 ஜனவரியில் பழைய பிளாக்பெரி இயங்குதளத்துக்கான சேவைகளும் முடிவுற்றன. இன்று ஏறத்தாழ உலகம் முழுவதும் இந்த இருவர் கையில். இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேசிகளுக்கு மேல் ஆண்ட்ராய்டே.

கடைகள் பல இருக்கும் தெருவில் ஒரு கடைக்காரர் நம்மை அலட்சியப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போவோம். இரண்டே கடைகள் உள்ள ஊரில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதையும் முள்ளாக இருந்தால் என்ன செய்வது?

நிறையும் குறையும்

இரண்டையும் நடுநிலையோடு பார்ப்போம். ஐபோனில் கருவியையும் இயங்குதளத்தையும் செய்வது ஒரே நிறுவனம். ஆதலால் புதுப்பிப்புகள் எல்லாப் பேசிகளுக்கும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வெளியான ஐஓஎஸ் 15-ஐயும் ஏற்றது. ஆண்ட்ராய்டில் கூகுள் செய்யும் திருத்தத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் பேசிக்கு ஏற்ப மாற்றி அனுப்ப வேண்டும். எனவே விலை குறைந்த பேசிகளில் இது தாமதமாகும். சில ஆண்டுகளில் நின்றும் போகும். 2023-இல் கூகுளும் 2024-இல் சாம்சங்கும் தம் உயர்விலைப் பேசிகள் சிலவற்றுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு என்று உறுதியளித்தன. போட்டி இருப்பதால் நமக்குக் கிட்டும் நன்மைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மறுபக்கத்தில், ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றி அமைக்கலாம். சில ஆயிரம் ரூபாயிலும் பேசி கிடைப்பதற்கு இத்திறந்த தன்மையே பெரிய காரணம். எளிய குடும்பத்தின் கைக்கு இணையத்தைக் கொண்டு சேர்த்ததில் ஆண்ட்ராய்டின் பங்கு பெரிது. ஆயினும் அதன் திறந்த கதவுக்குப் பின்னாலும் பூட்டுகள் உண்டு. தன் செயலிகளைப் பேசிகளில் முன்கூட்டியே பதிக்கத் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் ஆணையத்தின் கட்டளைகளில் சிலவற்றை நீக்கியபோதிலும் அபராதத்தை உறுதி செய்தது.

ஆக, ஒன்றில் ஒழுங்கு, மற்றொன்றில் பன்மை. உங்கள் தேவைக்கும் பணப்பைக்கும் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். இதில் சண்டைக்கு இடமே இல்லை.

மாறும்போதுதான் தெரியும்

ஒரு பேசியை விட்டு மற்றதற்கு மாறும்போது எவையெல்லாம் கூட வரும்? தொலைபேசி எண்களும் புகைப்படங்களும் பெரும்பாலும் வந்துவிடும். ஏனெனில் அவற்றை எழுதிவைக்கும் முறை பொதுவானது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய செயலி வராது. மற்றக் கடையில் மறுபடி வாங்க வேண்டும். விளையாட்டில் ஏறிய படிகள், சில குறிப்புகள், கடிகாரம் போன்ற துணைக்கருவிகளின் இணைப்பு ஆகியவையும் அறுந்து போகலாம்.

நம் இரயில்வேயின் பழைய சிக்கல் இங்கு நினைவுக்கு வருகிறது. அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்ற வண்டியில் ஏற்றியாக வேண்டும். நேரமும் கூலியும் வீண்; சேதமும் உண்டு. 1992-இல் பாதைகளை ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ஸ்அப் உரையாடல்களையே பாருங்கள். பல ஆண்டுகள் ஆண்ட்ராய்டின் பழைய உரையாடல்களை ஐபோனுக்கோ, அங்கிருந்து இங்கோ முறையாகக் கொண்டுபோக வழியில்லை. மறைந்த தாத்தாவின் குரல் பதிவு அதில் இருந்தால், பேசி மாற்ற யாருக்கு மனம் வரும்? 2021-இல் ஐபோனிலிருந்து சில ஆண்ட்ராய்டு பேசிகளுக்கும், 2022-இல் எதிர்த் திசையிலும் வழி பிறந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? அதுவரை எந்த இயற்கை விதியும் தடுத்து நிற்கவில்லை. வாசல் வைக்க எவரும் அவசரம் காட்டவில்லை, அவ்வளவே!

வாசல் வைத்தால் என்ன நடக்கும்?

நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், கைப்பேசி எண்ணை மாற்றாமலே சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு முன் எண்ணை இழக்க அஞ்சியே மோசமான சேவையைப் பொறுத்துக்கொண்டவர்கள் பலர்.

2016-இல் தொடங்கிய யுபிஐ முறையில் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும், எந்தச் செயலி வழியாகவும், வேறெந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பலாம். காய்கறிக் கடைக்காரரிடம் இருப்பது ஐபோனா, ஆண்ட்ராய்டா என்று நாம் கேட்பதில்லை. 2022 முதல் சாதாரணப் பொத்தான் பேசியிலிருந்தும் பணம் அனுப்ப வழி செய்யப்பட்டுள்ளது.

தமிழ் எழுத்தும் ஒரு சான்று. யூனிகோட் என்னும் உலகப் பொது நியமத்தில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949 என்ற எண் தரப்பட்டிருக்கிறது. நீங்கள் 'அ' என்று அனுப்பினால் போய்ச் சேருவது அந்த எண்ணே. பெறும் பேசி எதுவாயினும் அதே எண்ணுக்கு அதே எழுத்தைக் காட்டுகிறது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு என்றிருந்த காலத்தில், ஒரு கணிப்பொறியில் தட்டிய தமிழ்க் கடிதம் மற்றொன்றில் புரியாத குறிகளாகச் சிதறியது. பொது நியமம் அத்துன்பத்தைத் தீர்த்தது.

இரண்டு மறுப்புகள்

'சுவர் இருந்தால்தானே திருடன் வரமாட்டான்?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கண்ட இடங்களிலிருந்து செயலிகளை இறக்கினால் தீய நிரல்கள் நுழையும் ஆபத்து உண்மையே. ஆனால் உள்ளே யாரை விடுவது என்பது வேறு. உள்ளே இருக்கும் என் உடைமையை நான் வெளியே எடுத்துச் செல்வது வேறு. முன்னதற்குக் காவல் தேவை. பின்னதற்கு, வந்து கேட்பவர் உரியவர்தானா என்ற சோதனை போதும்.

'பொது நியமம் புதுமையைத் தடுக்கும்' என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. 2009-இல் ஐரோப்பாவில் பேசி தயாரிப்பாளர்கள் மைக்ரோ யுஎஸ்பி என்ற மின்னேற்றச் செருகியை ஒப்புக்கொண்டனர். அதையே என்றைக்கும் மாறாத சட்டமாக்கியிருந்தால், எப்படித் திருப்பினாலும் பொருந்தும் இன்றைய சி வகைச் செருகி பரவியிருக்குமா? ஆகவே நியமம் கல்வெட்டாக இருக்கக் கூடாது. காலத்துக்கேற்பத் திருத்தப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் முதல் புதிய பேசிகளுக்கு சி வகைச் செருகி கட்டாயம். அதற்கு முன்பே, 2023-இல், ஐபோனும் அதற்கு மாறிவிட்டது. இன்று வீட்டில் ஒரே கம்பி இருவகைப் பேசிக்கும் போதுமானதாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மைப் பற்றிய தரவுகளை ஒரு நிறுவனத்திடமிருந்து பெற்று மற்றொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2018 மே முதல் வழங்குகிறது. இந்தியாவில் 2019-இல் முன்வைக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் இவ்வுரிமை இடம்பெற்றிருந்தது. ஆனால் 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது விடுபட்டுவிட்டது. இது திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண்ணை எடுத்துச் செல்ல உரிமை தந்த நாடு, அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பத்தாண்டு வாழ்க்கையை எடுத்துச் செல்லவும் உரிமை தரலாம் அல்லவா?

நீங்கள் செய்ய ஒரு சோதனை

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் வீட்டுப் பேசி ஒன்றை, பெரியவர்களின் அனுமதியோடு, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதல் பத்தியில் அதில் உள்ள பொருள்களை எழுதுங்கள்: புகைப்படங்கள், குரல் பதிவுகள், குறிப்புகள், உரையாடல்கள், விலை கொடுத்து வாங்கிய செயலிகள். இரண்டாவதில், மற்ற வகைப் பேசிக்கு அது போகுமா என்று எழுதுங்கள். மூன்றாவதில், எவ்வழியாகப் போகும் என்று குறியுங்கள். தெரியாதவற்றை அமைப்புப் பகுதியில் தேடுங்கள். இருவகைப் பேசியும் வைத்திருப்போரிடம் விசாரியுங்கள். இரண்டாம் பத்தியில் 'போகாது' என்று எத்தனை வரிகள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் உங்கள் வீட்டார் இழக்க விரும்பாதவை இருந்தால், இன்றே ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் அடுத்த பேசி வாங்கும்போது, விலையையும் புகைப்படக் கருவியின் திறனையும் விசாரிப்பதோடு, எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும், பிறகு விட்டுப் போக வழி உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.