கோட்டைக்குப் போனால் யேல் கதையையும் சொல்லுங்க!

பனமரத்துப்பட்டியிலிருந்து லீவுக்குச் சென்னை போகும் குடும்பங்களின் லிஸ்ட்டில் மெரினா, வண்டலூர், தி.நகர் கட்டாயம் இருக்கும். புனித ஜார்ஜ் கோட்டை இருக்காது. ‘தலைமைச் செயலகம்தானே, அங்கே என்ன இருக்கு?’ என்று விட்டுவிடுவார்கள். அரை நாள் ஒதுக்கினால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பெரிய கதையே இருக்கிறது.

கோட்டைக்குள் 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் உள்ளது. அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராக வந்து, 1687 முதல் 1692 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு, அமெரிக்காவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்குத் துணிப் பொதிகளும் புத்தகங்களும் அனுப்பினார். பொதிகளை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுண்டு. அதற்கு நன்றியாக 1718-ல் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் நிலத்தை விற்றாவது பிள்ளையைப் படிக்க வைக்கத் துடிக்கும் பெற்றோருக்கு, அந்தப் பெயர் ஒரு கனவு!

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், அன்று இந்தக் கோட்டையிலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையோ குழந்தைகளையோ விற்றவர்கள் அவர்களில் உண்டு. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்த நிர்வாகக் குழுவில் யேலும் இருந்தார். மொகலாய அரசின் எதிர்ப்புக்குப் பிறகே, 1688-ல் இந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இரக்கத்தால் வந்த தடை என்று சொல்ல முடியாது.

யேலின் ஓவியம் ஒன்றில், கழுத்தில் உலோக வளையம் பூட்டிய சிறுவன் ஓரமாக நிற்கிறான். 2020-ல் அந்த ஓவியத்தை எடுத்துவைத்த பல்கலைக்கழக அருங்காட்சியகம், ஆய்வு செய்து 2022-ல் திரும்ப மாட்டியது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024-ல் பல்கலைக்கழகம் மன்னிப்பும் கேட்டது.

குழந்தையாகவே இறந்துபோன யேலின் மகன் டேவிட்டுக்கு, உயர் நீதிமன்ற வளாகத்தில் உயரமான கல்லறை நிற்கிறது. கப்பலேறிய குழந்தைகளுக்கு?

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நுழைவாயிலில் சோதனை உண்டு, அடையாள அட்டை இருக்கட்டும்.