பிள்ளையைக் கேட்டு வந்திருக்கினம்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. வெள்ளவத்தையில் வாராவாரம் கூடும் எங்கள் பெண்கள் குழுவின் சந்திப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகும் ஒரு தாய் மட்டும் வாசலடியிலேயே நின்றார். கிளிநொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர். கணவர் 2009இல் வன்னியில் காணாமற்போனவர். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். தாய் விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பிறகு இரண்டு வீடுகளில் சமையல் வேலை.

"தங்கச்சி, என்ர பிள்ளையைக் கேட்டு வந்திருக்கினம்" என்றார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். "பதினாறு வயசுப் பிள்ளைக்கு என்னக்கா கலியாணம்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, கலியாணம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு. நெற்போல் விளையாடத்தான்."

விடயம் இதுதான். மகள் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையின் வலைப்பந்தாட்ட அணியில் பந்து எய்பவள். வலயப் போட்டியில் அவள் விளையாடியதைப் பார்த்த பெரிய பாடசாலை ஒன்று, உயர்தரத்துக்குத் தங்களிடம் சேர்க்கும்படி கேட்டிருக்கிறது. விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், சப்பாத்தும் உடுப்பும் தருவார்கள். திங்கட்கிழமைக்குள் படிவத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். இப்போதைய பாடசாலை ஆசிரியையோ, "அனுப்பாதேங்கோ" என்கிறார். "ஆர் சொல்லுறது சரி தங்கச்சி?" என்று கேட்டார் அந்தத் தாய்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் அணியில் நடந்தது

நான் கொட்டாஞ்சேனையில் படித்தவள். 2004ஆம் ஆண்டு எங்கள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் நானும் ஒருத்தி. பந்தை மறிக்கும் இடத்தில் நிற்பேன். பந்தை வளையத்துக்குள் போடுபவள் என் நெருங்கிய தோழி. வலைப்பந்தாட்டம் விளையாடியவர்களுக்குத் தெரியும், களத்தில் ஏழு பேர் நின்றாலும் புள்ளி எடுக்கும் உரிமை இரண்டு பேருக்குத்தான். அந்த இருவரில் ஒருத்தி போனால் மற்ற ஐந்து பேரும் எவ்வளவு ஓடியும் பயனில்லை.

அவளைப் பெரிய பாடசாலை ஒன்று கேட்டது. அவள் போனாள். அடுத்த வருடம் எங்கள் அணி முதற் சுற்றிலேயே வெளியேறியது. அதற்கடுத்த வருடம் அணியே இருக்கவில்லை. நாங்கள் அவளுடன் கதைப்பதை நிறுத்திக்கொண்டோம். வீதியில் கண்டாலும் முகத்தைத் திருப்பினோம். "காட்டிக் கொடுத்தவள்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

புதிய இடத்தில் இரண்டாவது பருவத்தில் அவளுடைய முழங்கால் பிரண்டது. சத்திரசிகிச்சைக்குப் பணம் இல்லை. விளையாட முடியாதவளுக்கு விடுதிச் சலுகை நின்றது. பழைய பாடசாலையில் அவள் பாடப்பிரிவுக்கு இடம் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதாமலே வீட்டில் இருந்தாள். பத்தொன்பது வயதில் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனாள்.

பல வருடங்களுக்குப் பின் ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் அவளைக் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "கால் நொந்தத விட, நீங்கெல்லாம் பேசாம விட்டதுதான் எனக்கு நொந்துச்சு" என்றாள். அந்தச் சொல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

தவறு யாருடையது? பதினாறு வயதுப் பிள்ளையுடையது அல்ல. அவளை அனுப்பிய தாயுடையதும் அல்ல. ஒரு கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. "இவளால் விளையாட முடியாமற் போனால் என்ன செய்வீர்கள்?" என்பதே அது.

பெரிதும் சிறிதும் ஒரே களத்தில்

நமது பாடசாலைப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக மேலே போகின்றன. சில நூறு மாணவியர் படிக்கும் பாடசாலையும், சில ஆயிரம் மாணவியர் படிக்கும் பாடசாலையும் ஒரே படியில் நின்று மோதுகின்றன. சிறிய பாடசாலையில் கெட்டிக்காரி ஒருத்தி உருவானால் வலயப் போட்டியிலேயே மற்றவர் கண்ணில் படுகிறாள். உருவாக்கியது ஓரிடம், அறுவடை வேறிடம். அந்த ஆசிரியையின் "அனுப்பாதேங்கோ" என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த வலி இருக்கிறது. அதையும் நாம் மதிக்க வேண்டும்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால்நிலைப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதன் பிறகே கல்லூரிப் பெண்களுக்கு விளையாட்டுக் களங்கள் பெருமளவில் திறந்தன. ஆனால் அங்கும் 'மூன்றாம் பிரிவு' எனப்படும் சிறிய கல்லூரிகள் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. முன்பு கல்லூரி மாறும் வீரர்கள் பல விளையாட்டுகளில் ஒரு வருடம் களமிறங்காமல் இருக்க வேண்டியிருந்தது. படிப்பில் தேவையான தகுதி இருந்தால் உடனே விளையாடலாம் என்று 2024இல் விதி தளர்த்தப்பட்டது. மாணவருக்கு அது சுதந்திரம். சிறிய கல்லூரிக்கோ வளர்த்த பிள்ளை கைவிட்டுப் போகும் கதை. இரண்டும் உண்மைதான்.

போனவரும் நின்றவரும்

போனால்தான் வெற்றியா? நின்றால்தான் நன்றியா? நமக்குத் தெரிந்த இருவரைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர் உயரம் கொண்டவர். நம்மூரில் உயரமான பெண் பிள்ளையைக் கண்டால் "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்பதுதானே முதற் பேச்சு? அந்த உயரம்தான் இலங்கை அணிக்குப் பலமாயிற்று. 2009இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். எங்களில் பலருக்கு எல்லாமே இழந்த வருடம் அது. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த எய்வீராங்கனையாகத் தெரிவானார். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பேர்ணில் கழகத்துக்காக விளையாடினார். திரும்பி வந்து 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அணியில் இருந்தார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் போட்ட கோல்கள் 348. போனவர் அவர். போனதால் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

இன்னொருவர் அனித்தா ஜெகதீஸ்வரன். தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரி மாணவி. போரினால் இடம்பெயர்ந்து இயங்கிய பாடசாலை அது. கோலூன்றிப் பாய்தலில் இலங்கைப் பெண்களின் தேசிய சாதனையை அவர் பலமுறை புதுப்பித்தார். கொழும்புப் பாடசாலை ஒன்றின் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. நல்ல பயிற்றுநர் சொந்த ஊரிலேயே இருந்தார்.

ஆகவே, போவதா நிற்பதா என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளைக்குப் பயிற்சியும் படிப்பும் பாதுகாப்பும் எங்கே கிடைக்கும் என்பதே முதற் கேள்வி.

கேட்க வேண்டியவை

கலியாணத்துக்குப் பெண் கேட்டு வந்தால் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! வேலை என்ன, குடிப்பழக்கம் உண்டா, மாமியார் எப்படி என்று அயலவரைக்கூட விசாரிக்கிறோம். விளையாட்டுக்குக் கேட்டு வந்தால் மட்டும் நன்றி சொல்லிக் கையொப்பம் வைக்கிறோம். 'இல்லாதவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள், நாங்கள் என்ன கேட்பது?' என்ற கூச்சம். சகோதரிகளே, அவர்கள் தானம் தர வரவில்லை. உங்கள் பிள்ளையின் திறமை அவர்களுக்குத் தேவை. எனவே கேளுங்கள்.

1. காயம் பட்டாலோ அணியில் இடம் இழந்தாலோ விடுதியும் சலுகையும் உயர்தரம் முடியும்வரை தொடருமா? அதை எழுத்தில் தருவார்களா? சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள்?

2. விரும்பிய பாடப்பிரிவு அங்கே தமிழ்மொழியில் உண்டா? பயிற்சியால் தவறும் பாடங்களை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

3. விடுதியில் பெண் பொறுப்பாளர் இரவிலும் இருக்கிறாரா? வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும்போது கூடப் போகும் பெண் ஆசிரியை யார்? நீங்கள் எந்த நாளும் தொலைபேசியில் பிள்ளையுடன் கதைக்கலாமா? பிள்ளைக்கு ஏதும் தீங்கென்று சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் எந்நேரமும் இருக்கிறது. பிள்ளைக்கும் அதைப் பாடமாக்கிக் கொடுங்கள்.

4. பாடசாலை மாறியவர் எவ்வளவு காலத்துக்குப் பின் புதிய அணிக்கு விளையாடலாம்? விளையாட்டுக்கு விளையாட்டு விதி வேறுபடும். விடுகைப் பத்திரம் எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும்.

5. பிள்ளை விளையாடப்போகும் சங்கமோ போட்டியோ முறைப்படி பதிவு பெற்றதா? 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்தான் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் பதிவாகின்றன. அங்கத்துவம் பெரிய இடத்துக் காரியம் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடை நீங்கும்வரை நம் வீரர்களும் வீராங்கனைகளும் சர்வதேசக் களத்தில் இறங்க முடியவில்லை. நிர்வாகிகளின் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் விளையாடும் பிள்ளைகள்.

6. சான்றிதழ்களின் மூலப்பிரதி யாரிடம் இருக்கும்? உங்களிடமே இருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டு முதலியவற்றில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குச் சிறிய அளவில் விசேட இடம் உண்டு. அதற்கும் உயர்தரத்தில் தேவையான சித்தி வேண்டும். விளையாட்டு கதவைத் தட்டும். உள்ளே போகப் படிப்பும் வேண்டும்.

கடைசியாக, இதை அவர்களிடம் அல்ல, பிள்ளையிடம் கேளுங்கள். "உனக்கு விருப்பமா?"

திங்கட்கிழமை

அந்தத் தாயுடன் நானும் போனேன். முதலாவது கேள்வியைக் கேட்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகம் சற்று மாறியது. "இப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார். தாய் தலை குனியவில்லை. "எனக்கு இவள் ஒருத்திதான் ஐயா. அதுதான் கேக்கிறன்" என்றார். சிறிது நேரம் மௌனம். பிறகு அதிபரிடம் போய்க் கதைத்துவிட்டு வந்தார். விளையாட முடியாமற் போனாலும் உயர்தரம் முடியும்வரை விடுதி தொடரும் என்று கடிதத் தலைப்பில் எழுதித் தந்தார்கள். சிகிச்சைச் செலவு பற்றி எழுத மறுத்துவிட்டார்கள். கேட்ட எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் 2004இல் என் தோழியிடம் இல்லாத ஒரு கடதாசி இந்தப் பிள்ளையின் தாயிடம் இருக்கிறது.

பிள்ளையிடமும் கேட்டோம். "எனக்குப் போக விருப்பம். ஆனா என்ர ரீமில ஆரும் என்னோட கோவிக்கக் கூடாது" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் நான் அந்தச் சிறிய பாடசாலைக்குப் போனேன். ஆசிரியையின் அனுமதியுடன் அணியின் மற்றப் பிள்ளைகளுடன் இருந்து கதைத்தேன். என் தோழியின் கதையைச் சொன்னேன். நான் முகத்தைத் திருப்பியதையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு சின்னப் பிள்ளை எழும்பி, "மிஸ், அப்ப இனி யார் ஷூட் பண்றது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆசிரியை பந்தை எடுத்து அவளுடைய கையிலேயே கொடுத்தார்.

அடுத்த மாதம் சந்திப்போம். உங்கள் வீட்டு வாசலுக்கும் இப்படி யாராவது கேட்டு வந்திருந்தால் எழுதுங்கள். தனியாக முடிவெடுக்க வேண்டாம். கூட வர நாங்கள் இருக்கிறோம்.