துப்பறியும் நங்கையும் நம் தீவும்

விக்டோரியா காலத்து இலண்டனில் எவர் துணையுமின்றித் துப்பறியும் நங்கையரைப் பற்றிய நகைச்சுவை நாவல்கள் இன்று பெருகியுள்ளன. நான்சி ஸ்பிரிங்கர் 2006-இல் அறிமுகப்படுத்திய எனோலா ஹோம்ஸ் அவர்களுள் ஒருத்தி. நம் வீட்டுப் பெண்மக்கள் இவற்றை விரும்பிப் படிக்கின்றனர், படிக்கட்டும். ஆயின், எனோலாவின் தமையனாகக் காட்டப்படும் ஷெர்லாக் ஹோம்ஸின் கதை நம் தீவின்மீது சுமத்திய பழியை அவர்கள் அறிய வேண்டாவா?

கோனன் டாயில் 1890-இல் வெளியிட்ட 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் அந்தமான் பழங்குடியினன் ஒருவன் ஊதுகுழலால் நச்சுமுள் செலுத்திக் கொலை செய்கிறான். அவன் இனத்தார் நரமாமிசம் உண்போர் என்று ஹோம்ஸே ஒரு நூலிலிருந்து படித்துக் காட்டுகிறான். இரண்டும் பொய். இத்தீவின் தொல்குடியினர் ஏந்தியவை வில்லும் அம்புமே. நரமாமிசக் கதைக்கோ சான்றில்லை. உண்மையில் மாண்டவர்கள் அவர்களே. 1858-இல் கைதிக் குடியேற்றம் அமைந்தபின் பரவிய நோய்கள், குறிப்பாக 1877-ஆம் ஆண்டுத் தட்டம்மை, பெரும் அந்தமானியரை வாரிக்கொண்டு போயின. அச்சாவுகளைத் துப்பறிய எந்த ஹோம்ஸும் கப்பலேறவில்லை!

"கதைதானே, சிரித்துவிட்டுப் போவோம்" என்பார் உளர். சிரிப்பு நமக்குப் பகையன்று, பொய்யே பகை. இலண்டன் நங்கையின் சுதந்திரத்தைக் கொண்டாடுவோர், அதே காலத்தில் போர்ட் பிளேரில் அடைபட்டிருந்த பெண் கைதிகளை ஏன் மறந்தனர்?

வை. மு. கோதைநாயகி அம்மையார் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தமிழுக்குத் தந்தார். துப்பறியும் கதைகளும் அவற்றுள் உண்டு. அவர் வழிவந்த நம் பெண்மக்கள் இத்தீவின் மர்மங்களை எழுதட்டும். தொல்குடியினர் மண்ணில் பிழைக்க வந்தவர்கள் நாம். அவர்மேல் விழுந்த பழியைத் துடைப்பது நம் கடனன்றோ?