ஸ்கேனர் சொன்னால் போதுமா?

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை 2007-ல் திறந்தது. அங்கே அசெம்பிள் ஆகி வெளியே வந்த ஐந்தாம் சீரிஸ் டீசல் கார், அன்றைக்கு அரைக்கோடியை நெருங்கிய வண்டி, பத்துப் பன்னிரண்டு வயதானதும் புது ஸ்விஃப்ட் விலைக்கு வந்து நிற்கிறது. செகண்ட்ஸ் கார் விற்கும் யார்டுகளில் கழுவித் துடைத்து முன்வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். டில்லியில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொல்லி, உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை அமல்படுத்தச் சொன்ன பிறகு, அங்கிருந்தும் இப்படிப்பட்ட வண்டிகள் என்.ஓ.சி.யோடு தெற்கே இறங்கின. தமிழ்நாட்டு வரி கட்டி நம்பர் மாற்றுவதைப் பற்றிக் கேட்கும்போது, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இப்படிப்பட்ட காரை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் எல்லோரும் ஸ்பேர் விலையைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். வண்டியின் விலை விழுந்ததே தவிர பார்ட்டின் விலை விழவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, சொந்தக்காரரைக் கடனாளி ஆக்குவது கெட்டுப்போன பார்ட் அல்ல. கெடாத பார்ட்டை மாற்றுவதுதான்.

என்னிடம் இருப்பது 520டி, எஃப்10 மாடல். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் எரிந்தன. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், கியர்பாக்ஸ் என்று திரையில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எச்சரிக்கைகள். கியர் பார்க்கை விட்டு வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் வந்தது. பெரிய பட்டறை ஒன்றில் விட்டேன். ஸ்கேனரை மாட்டினார்கள், பக்கம் பக்கமாக எரர் கோடு வந்தது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டை மாற்ற வேண்டும், மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். "மாத்தலேன்னா நடுரோட்ல நின்னுடும் சார்" என்று அன்போடு ஒரு வார்த்தையும் சேர்த்து.

ஆலந்தூரில் சின்ன ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஜெர்மன் கார்களிலேயே கை பழகியவர். எஸ்டிமேட்டைப் படித்தார், மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். ஸ்கேனரைத் தொடவில்லை. டிக்கியைத் திறந்து, அடியில் இருந்த பாட்டரியில் மல்டிமீட்டரை வைத்தார். 11.8 வோல்ட்.

"நல்ல பாட்டரி சும்மா இருக்கும்போதே பன்னெண்டரைக்கு மேல காட்டணும். இந்த வோல்டேஜ்ல வண்டி என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க சார். பட்டினி கிடக்கிறவன் உளறுற மாதிரிதான்."

இந்தக் காருக்குள் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்கின்றன. வோல்டேஜ் இறங்கினால் ஒன்று பேச்சை நிறுத்தும். மற்றது உடனே, ‘கியர்பாக்ஸிடமிருந்து பதில் இல்லை’ என்று குறித்துவைத்துவிடும். ஸ்கேனர் படிப்பது அந்தக் குறிப்பைத்தான். பதில் ஏன் இல்லை என்பது அதில் இருக்காது. யூனிட் செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், கரன்டே போதாமல் இருந்திருக்கலாம். கோடு என்பது புகார் மனு. அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் செலவுக்கு எல்லையே இல்லை.

இரவு முழுக்க சார்ஜ் போட்டு, கோடுகளை அழித்து ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. இந்த இடத்தில் பலரும் புது பாட்டரியை விற்று அனுப்பிவிடுவார்கள். இவர் விடவில்லை. பாட்டரி ஏன் காலியானது என்று கேட்டார்.

பிறகு அவர் செய்ததை ஒவ்வொரு பழைய கார் சொந்தக்காரரும் ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். டிக்கியையும் கதவையும் திறந்தே வைத்து, அவற்றின் பூட்டுக் கொக்கிகளை ஸ்க்ரூ டிரைவரால் தட்டி மூடினார். எல்லாம் சாத்தியிருப்பதாக வண்டி நம்பிவிட்டது. ரிமோட்டால் லாக் செய்துவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லாக் ஆனதும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உறங்கப் போக வேண்டும். இழுக்கும் கரன்ட் 80 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் ஆம்பியர் கணக்கிலேயே நின்றது. யாரோ விழித்திருக்கிறார்கள். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. இந்த வண்டியில் பிடுங்கி மாட்டினால் தூங்கியதும் எழுந்துவிடும். அதனால் பிடுங்காமல், ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரின் முனைகளை மில்லிவோல்ட் அளவில் வைத்தார். கரன்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடுகிற ஃபியூஸ் எண் காட்டிக்கொடுக்கும். டிக்கியின் வலப்பக்கப் பெட்டியில் எல்லாம் பூஜ்யம். முன்னால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் ஒன்று மாட்டியது.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர். முந்தைய ஓனரோ, அவருக்குக் கடன் கொடுத்தவரோ வைத்தது. கடன் அடைந்து, வண்டி கைமாறி, பெட்டியை மட்டும் எல்லோரும் மறந்திருக்கிறார்கள். காரின் தரவு வயரிலேயே அதைக் கொக்கி போட்டு இணைத்திருந்ததால் வண்டி ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. கழற்றி என் கையில் கொடுத்தார்.

பலமுறை அடிவரை வற்றிப்போன ஏ.ஜி.எம். பாட்டரி பழைய தெம்புக்கு வராது. அதையும் மாற்றினோம். மாற்றியதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்பது பாட்டரிக் கடைகள் பலவற்றுக்குத் தெரியாத சங்கதி. பதியாவிட்டால், பழைய கிழப் பாட்டரிதான் இருக்கிறது என்று வண்டி எண்ணி அதற்கேற்பவே சார்ஜ் ஏற்றும். புதியதும் சீக்கிரம் கிழமாகும்.

ஸ்கேனரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனோடு பேசும் ஓ.பி.டி. கருவி ஒன்று என் கிளவ் பாக்ஸில் எப்போதும் கிடக்கிறது. ஆனால் ஸ்கேனருக்குக் காது கிடையாது. எஃப்10 520டி-யின் முதல் வண்டிகளில் இருந்த என்47 எஞ்சினின் டைமிங் செயின் விவகாரம் உலகமறிந்தது. செயினை எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக வைத்துவிட்டார்கள். மாற்றுவதென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே காலி. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, 1,500-க்கும் 2,000 ஆர்.பி.எம்.முக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, பின்பக்கமிருந்து உலோகம் உரசுகிற சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். விற்பவர் நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கூலன்ட்டும் அப்படித்தான், கண்ணால்தான் கவனிக்க வேண்டும். 2018-ல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ கார்கள், அதிலும் 520டி, வரிசையாகத் தீப்பிடித்தன. சோதனை முடிக்காத வண்டிகளை ஓட்டக் கூடாது என்று அரசே உத்தரவிட்டது. சில கட்டடங்கள் பார்க்கிங்கிலேயே சேர்க்கவில்லை. எஞ்சின் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், புகைக்கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொண்டதுதான் காரணம் என்றார்கள். உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் டாங்கில் கூலன்ட் இறங்குகிறது என்றால் காத்திருக்காதீர்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

அதே சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளை வைத்தே எந்தப் பார்ட்டின் எண்ணையும் கண்டுபிடிக்கலாம். 11 இலக்கம், 11-ல் தொடங்கினால் எஞ்சின், 17 என்றால் ரேடியேட்டர் பக்கம், 34 பிரேக். சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. நான் சஸ்பென்ஷன் ஆர்ம் வாங்கியது லெம்ஃபோர்டர். கழற்றிய ஒரிஜினலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வார்ப்பு, ஒரே அச்சு. புதியதில் மட்டும் பி.எம்.டபிள்யூ முத்திரை இருந்த இடத்தைச் சாணை பிடித்து அழித்த தழும்பு. அந்த முத்திரைக்குத்தான் ஒரிஜினலில் கூடுதல் விலை.

அடுத்த வேலை கியர்பாக்ஸ் ஆயில். கார் கம்பெனி அதை மாற்றவே வேண்டாம் என்கிறது. பெட்டியைச் செய்த இசட்.எஃப். கம்பெனி 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பக்கம். ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்போடு ஒட்டியே வருவதால் சம்ப்பையே மாற்றியாக வேண்டும். செலவு கொஞ்சம் கை கடிக்கும். எஸ்டிமேட் நீட்டிய பட்டறையிலும் கேட்டுப் பார்த்தேன். "கம்பெனி லிஸ்ட்லயே இல்ல சார், அதெல்லாம் தொடக் கூடாது" என்றார்கள், மூன்று லட்சத்துக்கு அதே பெட்டியைப் பிரிக்க இருந்தவர்கள். சம்ப் வந்துவிட்டது. சனிக்கிழமை ஆலந்தூரில் வண்டியைத் தூக்குகிறோம்.