விவரம் எழுதுபவரே கண்டெடுப்பவர்

பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் அரிய சுவடி கிடைத்ததாகச் செய்தி வரும்போது, அது அதுவரை எங்கோ தொலைந்து கிடந்தது என்ற எண்ணமே எழுகிறது. பெரும்பாலும் அது அலமாரியில், எண்ணோடு, பத்திரமாகத்தான் இருந்திருக்கும். 2015இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் அறிவித்த குர்ஆன் ஏடுகள் 1920களில் திரட்டப்பட்ட மிங்கானா தொகுப்பைச் சேர்ந்தவை. வேறொரு பழைய குர்ஆன் சுவடியின் ஏடுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டன. ஆல்பா ஃபெதேலி என்ற ஆய்வாளர் எழுத்தமைதியைக் கூர்ந்து பார்த்த பிறகே கரிமச் சோதனைக்கு வழி பிறந்தது. ஏடுகள் எழுதப்பட்ட தோலின் காலம் பொ.ஆ. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. ஏடுகளை மறைத்தது பூட்டோ தூசியோ அன்று, பிழையான விவரிப்பு. ஆகவே நம் துறையின் பணமும் ஆளும் முதலில் சேர வேண்டிய இடம் விவரண அட்டவணைப் பணிதான்.

அந்தப் பணி எவ்வளவு தரும் என்பதற்குப் புனேயே சான்று. பம்பாய் அரசு 1866 முதல் பூலர், கீல்ஹார்ன், ரா.கோ. பண்டார்க்கர் போன்ற அறிஞர்களைக் கொண்டு திரட்டிய சுவடிகள், டெக்கான் கல்லூரியிலிருந்து 1918இல் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்கு வந்தன. அங்கே 1919 முதல் காப்பாளராக இருந்த ப.கி. கோடே, பிரதி எடுத்தவர் பெயர், ஊர், சக ஆண்டு என எவரும் தாண்டிப் போகும் குறிப்புகளை விடாமல் படித்தார். நூலாசிரியர்களின் காலத்தை அவற்றால் நிறுவினார். உணவு, வெற்றிலை, வாணவேடிக்கை என அன்றாட வாழ்வின் வரலாற்றையே எழுதினார். 400க்கும் மேற்பட்ட கட்டுரைகள். காப்பாளர் நாற்காலியில் இருந்தபடி ஒருவர் இவ்வளவு கண்டெடுத்தார் என்பது நம் தொழிலுக்கே பெருமை.

எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டால் கணினி தேடித் தராதா என்று கேட்பவர்கள் உண்டு. அழியும் ஓலையைப் படமெடுப்பது அவசரப் பணி; அதில் மறுப்பில்லை. ஆனால் ஏடுகள் முறைமாறிக் கோக்கப்பட்டிருந்தால் படத்திலும் அப்படியே இருக்கும். எந்த நூல், எந்த எழுத்து என்று தெரியாத படம் பிரிக்காத கட்டுக்குச் சமம். மோடி, கிரந்தம், நந்திநாகரி ஆகிய பழைய எழுத்துகளைப் படிப்போர் அருகிவிட்டனர் என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. எல்லாவற்றுக்கும் உடனே முழு விவரிப்பு இயலாதுதான். முதலில் அனைத்துக்கும் குறும்பதிவு, பிறகு தேர்ந்தவற்றுக்கு விரிவு என்று போகலாம். புனேயை அடுத்த நிக்டி, ஆகுர்டி போன்ற தொழில் நகர்ப் பகுதிகளின் கல்லூரி நூலகங்கள் தங்களிடம் புதையல் ஏது என்று ஒதுங்க வேண்டியதில்லை. அபங்கம் என்ற மராத்திப் பக்திப் பாடல் மரபின் ஊர்களான தேஹுவும் ஆளந்தியும் அருகில் இருக்கின்றன. ஏதோ ஒரு குடும்பம் நன்கொடையாகத் தரும் பெட்டியில் கையெழுத்து அபங்க ஏடு இருக்கக்கூடும். வந்த அன்றே யார் தந்தது, எந்த ஊர், என்ன எழுத்து என்று பதிவேட்டில் ஏற வேண்டும். மின்னுருவாக்கத்துக்கு நிதி கேட்டு எழுதும் நூலகங்கள், ஸ்கேனர் விலைக்கு முந்தைய வரியில், மோடி படிக்கத் தெரிந்த ஒருவரின் ஈராண்டுச் சம்பளத்தைக் கேட்கட்டும்.